பெயருக்கு அஞ்சி ஓடியவன்

ஆங்கிலப் பள்ளியிற் படித்தோர் பலர் 'லார்ட் ஜிம்' என்னும் நாவலை ஒரு வீரனின் சரித்திரமாகக் கொண்டாடக் கேட்டிருக்கிறேன். ஜோஸப் கான்ராட் எழுதி 1900ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த அக்கதை நமது கடற்றுறைகளையும் தொட்டுச் செல்வது; ஆதலால் நாமும் ஓர் அபிப்பிராயம் கூற உரிமையுடையோம். எமது அபிப்பிராயம் யாதெனில், ஜிம் வீரனல்லன் என்பதே.

800 யாத்ரீகர்களை ஏற்றிச் செல்லும் 'பாட்னா' என்னும் பழங்கப்பல் இரவில் எதன்மீதோ மோதுகிறது. வெள்ளை அதிகாரிகள், உறங்கும் ஜனங்களை எழுப்பாமலே படகிலிறங்கித் தப்புகின்றனர். கடைசியில் ஜிம்மும் குதித்துவிடுகிறான். கப்பலோ மூழ்கவில்லை. விசாரணைக்கு நில்லாமல் கப்பற்றலைவன் ஓடிவிட, ஜிம் கூண்டிலேறி நின்று பதவிச் சான்றை இழக்கிறான்.

இவ்விடத்தைத்தான் அவன் அபிமானிகள் எடுத்துக் காட்டுவர். நிற்க, பின்பு அவன் செய்ததென்ன? பம்பாய், கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, பட்டேவியா என்று துறைமுகந்தோறும் கடைக் குமாஸ்தா வேலை. 'பாட்னா' என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் மூட்டை கட்டிவிடுகிறான். நீதிமன்றம் சில நாட் துன்பம். வீதியோ நித்திய துன்பம். முன்னதைத் தாங்கியவன் பின்னதைத் தாங்கமாட்டாதவனானான். ஒவ்வோர் ஓட்டமும் அச்சத்துக்குத் தீனியாயிற்று. முடிவில் பட்டூசான் காட்டுக்குள் புகுந்து 'துவான் ஜிம்' ஆகிறான். தன் பழங்கதை அறியாதாரிடத்தே தைரியசாலியாயிருத்தல் எளிது. பிரௌன் என்னும் கொள்ளைக்காரன் வந்து, அறியாமலே அப்பழம்புண்ணைத் தொட்டதும் புத்தி தடுமாறுகிறது. பிறர் உயிர் போகிறது. பின் குண்டுக்கு மார்பு காட்டி மடிகிறான். நம்பியிருந்தவளைத் தனியே விட்டுச் சாவதும் ஓர் ஓட்டமே.

இதை நூலறிவால் மட்டும் கூறவில்லை. நான் கிராணி வேலைக்கு வந்த முதலாண்டில் ஓர் அம்மாளின் பால் நிறுவையைத் தவறாக எழுதி, அவள் சம்பளத்தைக் குறைத்துவிட்டேன். மறுவாரமே தவறு தெரிந்தது. துரையிடம் சொல்ல அச்சம். அவள் முகத்தில் விழிக்கவும் அச்சம். அவளிருந்த லயத்து வழியை விட்டு, மூன்று மாதம் ஆற்றோரமாய்ச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அச்சம் குறையவில்லை, மலையாய் வளர்ந்தது. ஒருநாட் காலைப் பெரட்டில் எல்லார் முன்னும் சொல்லிவிட்டேன். துரை வைதார், அவ்வளவே. அம்மாளோ, "எனக்கு அன்னிக்கே தெரியுங்க ஐயா, நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள்.

கதைக்கு மூலமான நிகழ்ச்சி மெய்யானது. 1880இல் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாக 900க்கு மேற்பட்ட யாத்ரீகர்களுடன் சென்ற 'ஜெட்டா' கப்பலை, ஆகஸ்டு 8ந் தேதி அதிகாரிகள் கைவிட்டனர். அது மூழ்கிற்றென்று அவர்கள் ஏடனிற் சொன்ன சொல் ஆறுமுன்னரே கப்பல் அங்கு இழுத்து வரப்பட்டது! அதன் முதற் துணையதிகாரி வில்லியம்ஸ் என்பார் ஜிம்மைப்போல் ஓடவில்லை. சிங்கப்பூருக்கே மீண்டு, கப்பற் சாமான் கடைக் குமாஸ்தாவாகி, 1916இல் அங்கேயே இறந்து பிடாடரி இடுகாட்டில் அடக்கமானார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறி வியாபாரம் பேசுவது அவர் தொழில். ஏறிய இடத்தில் அவர் கதையை அறிந்த மாலுமிகள் இருக்கக்கூடும். அவர் குற்றத்தை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆயினும் அப்படகேணியில் நாள்தோறும் ஏறிய கால்கள் பட்டூசானுக்கு ஓடிய கால்களினும் உறுதியானவை.

கான்ராடிடம் எமக்கு இன்னுமொரு வழக்குண்டு. அதிகாரிகள் ஓடிய பின்னும் சுக்கானை விடாது நின்ற இரண்டு மலாய்க்காரரை அவரே காட்டுகிறார். வெள்ளையர் உயிருக்கஞ்சி ஓடுவாரென்று தன் மனத்தில் தோன்றவேயில்லை என்று அவருள் முதியவன் சாட்சி சொல்கிறான். அத்துடன் அவன் மறைந்துவிடுகிறான். யாத்ரீகரோ உறங்கிக்கொண்டே யிருக்கின்றனர். குதித்தவன் மனவேதனைக்கே நூல் முழுதும் செலவாகிறது. அச்சுக்கான்காரனைப் பற்றித் தமிழரோ மலாய்க்காரரோ ஒரு நாவல் எழுத முன்வருவாராயின், முதற்பிரதிக்கு இன்றே பணங்கட்டச் சித்தமாயிருக்கிறேன்.