தொலைந்தது யார், கண்டெடுத்தது யார்?

எலிசபெத் காட்டனைப் பற்றிய அறிமுகங்களில் நான் திரும்பத் திரும்பப் படித்த கதை ஒன்று உண்டு. வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்த அவர், கூட்டத்தில் தொலைந்துபோன சிறுமி பெக்கியைத் தாயிடம் சேர்க்கிறார். தாய், இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்ட் சீகர். காட்டன் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்கிறார். சில வருடங்கள் கழித்து, வீட்டிலிருந்த கிதாரை அவர் வாசிப்பதை பெக்கி பார்த்துவிடுகிறாள். அமெரிக்க நாட்டார் இசைக்கு ஒரு மேதை ‘கிடைத்துவிடுகிறார்’.

அழகான கதைதான். ஆனால் ‘கண்டுபிடிக்கப்பட்டார்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கடையில் தொலைந்தவள் பெக்கி. கண்டுபிடித்தவர் காட்டன்.

1893இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண் அவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர். வலக்கைக்காரர்களுக்காக நரம்பு கட்டிய கருவியை அப்படியே தலைகீழாகப் பிடித்து, யாரும் சொல்லித்தராமல் வாசித்தார். அதனால் கட்டைவிரல் மெட்டை வாசித்தது. மற்ற விரல்கள் கீழ்ச்சுருதியைத் தாங்கின. கிதார் கலைஞர்கள் இன்றும் இம்முறையை அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். பள்ளியை விட்டு, மாதம் 75 சென்ட் கூலிக்கு வீட்டு வேலை செய்து, 3.75 டாலருக்குச் சொந்தக் கிதார் வாங்கினார். ‘ஃப்ரெயிட் ட்ரெயின்’ பாடலை உருவாக்கியது சிறுமியாக இருந்தபோது.

பதினேழு வயதில் திருமணம். பிறகு குழந்தை. உலகியல் பாடல்களை விட்டுவிடும்படி தேவாலயம் சொன்னது. ஏறக்குறைய நாற்பது வருடங்கள் கிதார் அவர் வாழ்வில் இல்லை. அடுத்தவர் வீட்டு வேலை இருந்தது. ஆண் இசைக்கலைஞர்களின் இளமை வறுமையைப் பயிற்சிக்காலமாக விரித்து எழுதுபவர்கள், இந்த நாற்பது வருடங்களை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

ரூத்தின் கதையையும் இங்கே சேர்த்தே படிக்க வேண்டும். இசையமைப்புக்காகக் குகன்ஹெய்ம் நல்கை பெற்ற முதல் பெண் அவர். திருமணமும் நான்கு குழந்தைகளும் வந்தபின் சொந்தமாக எழுதுவது வெகுவாகக் குறைந்தது, 1953இல் இறந்தார். ஒரே கூரையின் கீழ் இசையைத் தள்ளிவைத்த இரண்டு பெண்கள். ஆனால் இருவரின் இழப்பும் ஒன்றல்ல. ரூத்துக்கு மிஞ்சிய கொஞ்ச நேரத்துக்குப் பின்னால் காட்டனின் உழைப்பும் இருந்தது. காட்டனுக்கு அப்படி நேரம் ஒதுக்கித்தர யாருமில்லை.

பெக்கி வழியாக இங்கிலாந்து சென்ற ‘ஃப்ரெயிட் ட்ரெயின்’ 1957இல் அங்கே வெற்றிபெற்றபோது, பாடலாசிரியர்களாகப் பதிவானது வேறு இரண்டு ஆண்களின் பெயர்கள். தன் பாட்டில் தன் பெயரைச் சேர்க்கவே அவர் போராட வேண்டியிருந்தது. அதற்கு சீகர் குடும்பம் துணைநின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் ஆல்பம் 1958இல், அறுபத்தைந்து வயதில் வந்தது. கிராமி விருது 1985இல், தொண்ணூற்றிரண்டு வயதில். 1987இல் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரை முன்னோடியாகச் சேர்த்துக்கொண்டது 2022இல்.

விடாமுயற்சிக்கு வயதில்லை என்று இதைப் பாராட்டி முடிப்பது எளிது. எனக்கு அது போதவில்லை. அந்த முதல் ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம், நடுவில் போன நாற்பது வருடங்களில் அவர் உருவாக்கியிருக்கக்கூடிய பாடல்களையே நினைத்துக்கொள்கிறேன்.