மனச்சான்றும் மதிற்சுவரும்

அத்திப்பட்டுப் படிப்பகத்துத் தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு கேள்வியைத் தொடுத்தனர். "மதம் அரசியலிலே தலையிடலாகாது என்கிறோம். அமெரிக்க நாட்டுக் கத்தோலிக்க ஆயர்களோ வாக்காளருக்கு வழிகாட்டி ஏடே வெளியிடுகிறார்களாமே! இதை ஏற்பதா, எள்ளி நகையாடுவதா?" என்று. நகையாடுவது எளிது. படித்துப் பார்த்துப் பேசுவதே பகுத்தறிவாளனுக்கு அழகு. படித்தோம்.

2007ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆயர் பேரவை வெளியிட்ட ஏடு அது. இன்னாருக்கு வாக்களி என்று அது கட்டளையிடவில்லை. வாக்கு அவரவர் மனச்சான்றின் பொறுப்பு என்கிறது. அந்த நேர்மையை மறுப்பானேன்? ஆனால் எந்நிலையிலும் ஏற்கவொண்ணாத் தீமைகள் சில உண்டு, அவற்றை வளர்க்கும் எண்ணத்தோடு கத்தோலிக்கன் வாக்களிக்கலாகாது என்றும் கூறுகிறது. அங்கே எடுத்துக்காட்டாக நிற்பவை இரண்டு. ஒன்று கருக்கலைப்பு. மற்றொன்று, தோழர்களே, இதைக் கவனிக்க வேண்டும், நிறவெறி!

ஏட்டில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. நடப்பிலே? 2004இல் சான் கெர்ரி குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு நின்றபோது, கருக்கலைப்புச் சட்டத்தை ஆதரிக்கிறார் என்பதற்காக அவருக்கு நற்கருணை தரமாட்டோம் என்றனர் ஆயர் சிலர். 2019இல் ஆயர் பேரவையே, கருக்கலைப்பை எதிர்ப்பதுதான் தலையாய கடமை என்று எழுதிச் சேர்த்தது. நிறவெறி பின்வரிசைக்குப் போயிற்று.

முன்பு இப்படியில்லை. 1962இல் நியூ ஆர்லியன்சு நகரப் பேராயர் ரம்மல், கத்தோலிக்கப் பள்ளிகளிலே கறுப்பினக் குழந்தைகளைச் சேர்ப்பதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த மூவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். மூவரில் ஒருவர் லியாண்டர் பெரேசு. லூசியானா மாநில அரசியலிலே ஆட்டிப்படைத்த பெரும்புள்ளி! பணம் இருக்கிறது, படை இருக்கிறது, பதவி இருக்கிறது என்று பாராமல், வெளியே போ என்றார் அந்த முதியவர். மதத்தின் பெயரால் நடந்ததுதான். எனினும் பாராட்ட நாம் தயங்கவில்லை.

அதற்கு ஈராண்டு முன்னர், 1960 செப்டம்பர் 12ஆம் நாள், ஊசுடன் நகரில் புராட்டசுடண்டுப் போதகர்கள் முன் கென்னடி நின்றார். கத்தோலிக்கர் தலைவரானால் போப்பின் சொற்படிதானே ஆட்சி நடக்கும் என்ற ஐயம் நாடெங்கும் பரவியிருந்த நேரம். 1928இல் ஆல் சுமித்தை அந்த ஐயம் படாதபாடு படுத்திற்று. மதகுரு எவரும் தமக்கு ஆணையிட முடியாது, மனச்சான்றுக்கும் பதவிக்கும் மோதல் வந்தால் பதவியைத் துறப்பேன் என்றார் கென்னடி. அது தெளிவான பாதை. 2025இலோ துணைத்தலைவர் வான்சு, கத்தோலிக்கக் கோட்பாட்டையே எடுத்துக்காட்டிக் குடியேறிகளை வெளியேற்றுவதற்கு நியாயம் கற்பித்தார். போப் பிரான்சிசு அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க ஆயர்களுக்கு மடல் எழுதி, அந்த வெளியேற்றத்தைக் கண்டித்தார். மறை ஒன்றுதான், முடிவு இரண்டு. எது சரியென்று தேர்வது எது? மனிதனின் அறிவல்லவா!

இனி, நம் கரைக்கு வருவோம். பேதுருவுக்கு இராயப்பர் என்று பெயர் சூட்டினர் தமிழ்க் கத்தோலிக்கர். அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது இராயபுரம். படகோட்டிகள் தம் உழைப்பால் 1829இல் எழுப்பிய கோவில் இன்னும் அங்கே இருக்கிறது. வடக்கே வந்தால் அத்திப்பட்டு, அனல்மின் நிலையம், சாம்பல் கலந்த கொசத்தலையாறு. சாம்பல், சிலுவை அணிந்தவன் வலை எது, அணியாதவன் வலை எது என்று பார்த்தா படிகிறது? அது பேதம் பார்ப்பதில்லை.

பேதம் பார்ப்பவன் மனிதன். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலே, தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கரின் பிணத்தைத் தனியே பிரிக்க ஒரு சுவர் எழுப்பினார்கள். உயிர்த்தெழும் நாளிலே எந்தப் பக்கம் எழுவதென்று கணக்குப் போட்டார்கள் போலும்! எறையூரில் தாழ்த்தப்பட்டோர் தனிப்பங்கு கேட்டதையொட்டி மூண்ட பூசலில், 2008 மார்ச்சில், காவலர் துப்பாக்கிக்கு இருவர் இரையாயினர். சனாதனி இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அவன் வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு போன நோய்தான் இது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, தீண்டாமை திருச்சபைக்குள் உண்டு என்று ஏடு வெளியிட்டு ஒப்புக்கொண்டது. தாழ்த்தப்பட்ட குலத்தார் ஒருவர், ஐதராபாத்துப் பேராயர் பூலா, கர்தினால் ஆனது 2022இல்தான்.

மதம் மாறியதால் 1950ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியலில் இடமில்லை என்று தில்லி விரட்டுகிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு, கிறித்தவருக்குத் திறக்கவில்லை. திறக்கக் கோரி 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிற்று. அந்தப் போராட்டத்தில் நாம் அவர்களோடு நிற்கிறோம்.

நின்றுகொண்டே ஆயர்களைக் கேட்கிறோம்: நிறவெறி ஏற்கவொண்ணாத் தீமை என்றால் சாதிவெறி என்ன? தேர்தல் வரும்போது நீங்கள் எழுதும் மடலில், சாதியைத் தூண்டி வாக்குக் கேட்பவனுக்கு வாக்களிப்பது பாவம் என்ற ஒரு வரியை எழுதுவீர்களா? எழுதிய பின், கல்லறைச் சுவருக்குக் காவல் நிற்கும் பெரிய மனிதரை, ரம்மல் செய்தது போல், கோவில் வாசலிலே நிறுத்துவீர்களா?