குகை வேறு, குடைவரை வேறு

மண்டகப்பட்டையும் தளவானூரையும் 'குகைக் கோயில்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். விழுப்புரத்துக்காரர்கள் சொன்னால்கூடப் பொறுக்கலாம். வழிகாட்டிப் பலகையும் எழுதினால் ரசிகர் மனம் தாங்குமா?

திண்டிவனம் பக்கம் பெருமுக்கல் மலையில் இருப்பது குகை. பாறை தானாக விட்ட இடத்தில் ஆதிமனிதன் கோடு கீறிவிட்டுப் போனான். பிறகு வந்தவர்கள் அங்கே சீதையின் கதையைக் குடியேற்றினார்கள். குடைவரையில் நடப்பது வேறு. தூண் எங்கே, கருவறை எங்கே என்று முடிவான பிறகே உளி பாறையைத் தொடும். வேண்டாத கல்லை மட்டும் எடுக்க வேண்டும். தவறிப் பெயர்ந்ததை ஒட்டவைக்க முடியாது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் விசித்திரசித்தன், அதாவது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், பெருமைப்பட்டுக்கொள்வது இதனால்தான்.

ஆனாலும் மனம் போய் நிற்பது தளவானூரில்தான். அதே மகேந்திரனின் சத்ருமல்லேசுவரம் அது. முகப்பின் இரு தூண்களுக்கு நடுவே, மேலே, மகர தோரணம். மரத்திலும் பூவிலும் கட்டிப் பழகிய அலங்காரத்தை அந்தச் சிற்பி கருங்கல்லில் வளைத்திருக்கிறான். அதற்கும் மேலே கபோதம் என்னும் வளைந்த கூரை விளிம்பும், அதில் கூடுகள் என்னும் வளைவு அலங்காரங்களும். முகப்பு தெற்கு பார்க்க, கருவறையோ மண்டபத்தின் மேற்குப் பக்கத்தில் கிழக்கு பார்த்து இருக்கிறது. உள்ளே நுழைந்தவர் இடப்புறம் திரும்பினால்தான் இறைவன். இந்தத் திருப்பம் எந்தக் குகைக்கும் வாய்க்காது. திட்டமிட்டுக் குடைந்தவனுக்கே வாய்க்கும்.

மாமல்லபுரத்தின் நளினம் இங்கே இல்லை, தூண்கள் கனத்து நிற்கின்றன என்பார்கள். சிங்கம் சுமக்கும் மெல்லிய தூண்கள் அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சதுரமும் எண்பட்டையும் மாறி மாறி வரும் இந்தக் கனத்த தூணைப் பார்த்தால் மலையின் பாரம் தெரிகிறது. அந்த உண்மை மாமல்லபுரத்து நளினத்தில் கொஞ்சம் மறைந்துபோகிறது.

கே. ஆர். சீனிவாசன் 1964-இல் பல்லவர் குடைவரைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒவ்வொரு தூணுக்கும் அதன் தலைமேல் உள்ள போதிகைக்கும் இடம் கொடுத்தார். இன்று வாசலில் நின்று எடுத்த ஒரு படத்தோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. கூடவே 'குகை' என்ற தலைப்பு.

தளவானூர் போகிறவர்கள் உடனே உள்ளே ஓட வேண்டாம். பாறையை விட்டுச் சற்றுத் தள்ளி நின்று முதலில் தோரணத்தைப் பாருங்கள்.