செய்வித்தவனும் செய்தவனும்: சிரவணபெளகொளாக் கல்வெட்டில் ஒரு வினைமுதல் சிக்கல்

முன்னுரை

கருநாடக மாநிலம் ஹாசன் மாவட்டத்தில் உள்ள சிரவணபெளகொளாவின் விந்தியகிரிக் குன்று சுற்றுப்புற நிலத்திலிருந்து ஏறத்தாழ 470 அடி உயர்ந்து நிற்கிறது. அதன் உச்சியில், மலையோடு ஒன்றாயிருந்த கருங்கல் முகட்டையே செதுக்கி உருவாக்கிய பாகுபலியின் திருமேனி உள்ளது. கோமடேசுவரர் எனப் போற்றப்படும் இச்சிலையின் உயரம் ஏறத்தாழ 57 அடி. கங்க அரசர்களிடம் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கிய சாமுண்டராயர் காலத்தில், கி.பி. 981ஐ ஒட்டி, இது உருவானது என்பது பெரிதும் ஏற்கப்பட்ட கருத்தாகும். அவர் கன்னடத்தில் இயற்றிய சாமுண்டராய புராணம் (கி.பி. 978) இச்சிலையைக் குறிப்பிடவில்லை. ஆதலின் சிலை அந்நூலுக்குப் பிற்பட்டது என ஆய்வாளர் கருதுவர். 1981இல் இதன் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பட்டது.

இச்சிலையைப் பற்றி எழுதுவோர் ‘சாமுண்டராயர் அமைத்தார்’, ‘நிறுவினார்’ என்று எழுதுவது நம்மிடையே வழக்கம். ஆனால் சிலையின் பாதத்தருகே உள்ள தமிழ்க் கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை. அது ‘செய்வித்தான்’ என்கிறது. இவ்வொரு வினைச்சொல்லின் இலக்கணத்தைக் கொண்டு, ஒரு மாபெரும் மலைச்சிற்பத்தின் ஆக்கத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று மொழி, ஒரே வினை

பாகுபலியின் கால்களுக்கு இருபுறமும் உள்ள புற்றுக்கல்லில் சாமுண்டராயர் பெயரால் கன்னடம், தமிழ், மராட்டி ஆகிய மூன்று மொழிகளிலும் சுருக்கமான வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ் வரி கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்தது. பெயர், வினைமுற்று என்னும் இரண்டே சொற்களால் ஆனது. போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் தண்டநாயகனான கங்கராசன் 12ஆம் நூற்றாண்டில் சிலையைச் சுற்றித் திருச்சுற்று எடுப்பித்தபோது, அவனும் தன் பெயரால் இதுபோன்ற வரிகளைப் பொறிப்பித்தான். மராட்டி வரியின் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது கங்கராசன் காலத்தில் சேர்க்கப்பட்டதாகலாம் என்பாரும் உளர்.

இவ்வரிகள் இதுகாறும் பெரும்பாலும் மொழியின் தொன்மைக்குச் சான்றாகவே எடுத்தாளப்பட்டுள்ளன. தத்தம் மொழிக்கு இங்கே இடம் உண்டு என்பதில் பெருமை கொள்வது இயல்பே. எனினும் மூன்று மொழி வரிகளும் ஒன்றுபடும் இடம் அதனினும் நோக்கத்தக்கது. கன்னட வினையும் மராட்டி வினையும் தமிழைப் போலவே பிறவினைகள். மூன்று மொழிகளுள் எதிலும் சாமுண்டராயர் ‘செய்தான்’ எனப்படவில்லை.

‘செய்வித்தான்’ என்னும் பிறவினை இரண்டு வினைமுதல்களை வேண்டி நிற்பது. ஏவியவன் ஒருவன், இயற்றியவன் மற்றொருவன். மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருளை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என உரையாசிரியர்கள் பகுத்ததும் இவ்வேறுபாடு கருதியே. ‘வி’ என்னும் விகுதி பாதத்தருகே நிற்கும் ஒவ்வொரு முறையும், உளி பிடித்தவன் வேறொருவன் என்பதை ஒப்புக்கொள்கிறது. ஏவியவனின் பெயர் எழுத்தில் உள்ளது. இயற்றியவனுக்கோ இலக்கணத்தில் இடம் உண்டு; எழுத்தில் பெயர் இல்லை. அரிட்டநேமி என்னும் பெயரைச் சிற்பிக்கு ஏற்றிச் சொல்வோர் உளர். ஆயின் அப்பெயரும் இவ்வரிகளில் இல்லை.

நூலும் கல்லும்

இவ்விடத்தில் நன்னூலை ஒப்புநோக்குதல் பொருந்தும். பவணந்தி முனிவர் சமணர். அவரை நூல்செய்யத் தூண்டிய சீயகங்கன் கங்கர் வழியினன். ‘செய்’ என்னும் வினை ‘வி’, ‘பி’ விகுதிகளை ஏற்றுப் பிறவினையாவதை விதிக்கும் நன்னூல், ‘செய்வி’ என்னும் வடிவத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மேலும், சிறப்புப்பாயிரம் கூற வேண்டிய எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயரையே முதலாவதாக வைக்கிறது. நன்னூலின் சிறப்புப்பாயிரம் செய்வித்த சீயகங்கனையும் செய்த பவணந்தியையும் ஒருங்கே பெயர் சுட்டுகிறது.

சமண மரபில், கங்கர் ஆதரவில் தோன்றிய இரு படைப்புகளுள் நூலுக்கு ஆக்கியோன் பெயர் இன்றியமையாததாயிற்று. கல்லுக்கோ அவ்விதி இல்லை. பெயர் துறந்த துறவு மனநிலையே இதற்குக் காரணம் எனின், துறவியாகிய பவணந்தியின் பெயர் நின்றது எவ்வாறு என்னும் வினா எழும்.

அடக்கமா, விடுபாடா?

இந்தியச் சிற்பி தன் பெயரை விரும்பாதவன், தன்னைப் படைப்பில் கரைத்துக்கொண்டவன் என்னும் கருத்து கலைவரலாற்று நூல்களில் செல்வாக்குடையது. கல்வெட்டுச் சான்றுகள் இதை முழுவதும் ஏற்கவிடுவதில்லை. கருநாடகத்திலேயே, இச்சிலைக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட பட்டதக்கல் விருபாட்சர் கோயில் கல்வெட்டுகள் குண்டன் அநிவாரிதாசாரி, சர்வசித்தி ஆசாரி ஆகியோரைப் பெயர் சொல்லிப் புகழ்கின்றன. பேலூரில் போசளர் காலச் சிற்பிகள் தம் படைப்புகளின் அடியில் பெயர் பொறித்தனர். தஞ்சைப் பெரியகோயிலை ‘எடுப்பிச்ச’தாகக் கல்வெட்டு இராசராசனைக் கூறுகிறது, அதே கோயிலின் கல்வெட்டுகளில் குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயரும் இடம்பெறுகிறது.

‘செய்வித்த’ என்பது சமணக் கொடைக் கல்வெட்டுகளின் வாய்பாடு மட்டுமே என வாதிடலாம். கழுகுமலையின் பாறைச் சிற்பங்களுக்குக் கீழுள்ள வட்டெழுத்துப் பொறிப்புகளில் ‘செய்வித்த திருமேனி’ எனப் பலமுறை வருவது அவ்வாதத்திற்கு அரண் செய்யும். செய்வித்தலால் வரும் அறப்பயன் செய்வித்தவனைச் சேரும் என்பதே அவ்வாய்பாட்டின் கருத்து. எனினும், அறப்பயன் யாருக்கு என்பதும் ஆக்கம் யாருடையது என்பதும் இரு வேறு வினாக்கள். கல்வெட்டு முதல் வினாவிற்கே விடை கூறுகிறது. அதை இரண்டாம் வினாவின் விடையாகக் கொண்டது பிற்காலத்தாரின் எழுத்து.

போப்பணரின் புகழுரை

கி.பி. 1180ஐ ஒட்டிப் போப்பண பண்டிதர் இயற்றிய கன்னடக் கல்வெட்டுப்பா இச்சிலையின் முதல் திறனாய்வு எனத் தகும். உயரம் மிக்க உருவில் அழகு அமைவது அரிது; இரண்டும் அமைந்தவிடத்துத் தெய்விக ஆற்றல் அமைவது அரிது; மூன்றும் இங்கே ஒருங்கமைந்தன என்பது அவர் முடிவு. பேருருவச் சிற்பத்தை மதிப்பிட இன்றும் ஏற்ற அளவுகோல் இது. அவரே, தெய்வத் தச்சனாகிய மயனாலும் இவ்வுருவை எழுதிக்காட்ட இயலாது என்கிறார். மயனால் வரையவும் இயலாததை மானிடர் கல்லில் செய்து முடித்தனர் என்பதே இதன் உட்பொருளாக வேண்டும். ஆனால் பா அவ்வழிச் செல்லவில்லை. சிற்பி நிற்க வேண்டிய இடத்தில் மயன் நிற்கிறான். உயர்வு நவிற்சி ஆக்கத்தை வியந்தவாறே ஆக்கியோனை மறைத்துவிடுகிறது.

செய்வித்தவரின் பதிவும் நிலைத்திலது. தியாகத கம்பம் எனப்படும் தூணில் இருந்த சாமுண்டராயரின் கல்வெட்டை, ஹெக்கடே கண்ணன் என்பவன் தன் சிறு கல்வெட்டிற்காக மூன்று பக்கங்களிலும் அழித்தான். குல்லகாயஜ்ஜி என்னும் மூதாட்டியின் சிறு கலத்துப் பால் சிலை முழுவதையும் நனைத்தது என்னும் வாய்மொழிக் கதையும் செய்வித்தவரின் செருக்கையே திருத்துகிறது. அம்மூதாட்டிக்குத் திருமேனியின் எதிரே சிலை உண்டு. எளியோரை நினைவுகூரும் அக்கதையிலும் சிற்பிக்கு இடமில்லை.

சிலையே சான்று

பெயர் இல்லாவிடினும் ஆக்கியோனின் அறிவைச் சிலையே உரைக்கிறது. ஒட்டிவைத்தல் இல்லாத கலை இது. நீக்கிய கல் மீண்டும் சேராது. மலைமுகட்டை மேலிருந்து கீழாகச் செதுக்குவோர், தலையை முடிக்கும்போதே பாதத்தின் அளவை அறிந்திருத்தல் வேண்டும். இச்செய்முறை எத்தகையது என்பதைக் கழுகுமலையின் முற்றுப்பெறாத வெட்டுவான் கோயிலில் இன்றும் காணலாம்.

பாகுபலி ஓராண்டு அசையாது நின்று தவமியற்றியதால் அவரைச் சுற்றிப் புற்றெழுந்தது, கொடி படர்ந்தது என்பது புராணம். சிலையில் தொடைவரை புற்றும் பாறையும் உடனிருந்து தாங்குகின்றன. அதற்கு மேல் உடல் எவ்விதத் தாங்கலும் இன்றித் தனித்து நிற்கிறது. புராணத்தின் புற்று சிற்பத்தின் முட்டுக்கல் ஆயிற்று. சமயப்பொருளையும் பாரந்தாங்கும் முறையையும் ஒரே வடிவில் இணைத்த இம்முடிவு ஏவியவருடையதன்று எனத் துணியலாம். கல்லின் எடையை அறிந்த கைகளுடையது. கால்கள் உடலின் மேற்பகுதியை நோக்கச் சற்றே குறுகியிருப்பதைக் குறையெனக் கூறுவோரும் இத்தாங்குமுறையோடு சேர்த்தே அதை மதிப்பிடுதல் வேண்டும்.

முடிவுரை

தர்மசுதலத்தில் 1982இல் திருமுழுக்காட்டுக் கண்ட 39 அடிப் பாகுபலி சிலையைச் செதுக்கியவர் ரெஞ்சாள கோபாலகிருட்டிண ஷெணை என்பது பதிவாகியுள்ளது. செய்வித்தவர் பெயரும் செய்தவர் பெயரும் ஒருங்கே நிற்பதால் பக்திக்கோ அறத்துக்கோ குறைவு நேரவில்லை.

சிரவணபெளகொளாவின் சிற்பியர்க்குப் பெயர் சூட்டுதல் இனி நம்மால் ஆவதன்று. ஆயின் கல்வெட்டு விட்டுவைத்த இடத்தை நிரப்பாமல் காத்தல் நம்மால் ஆவது. பாடநூல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் ‘செய்வித்தான்’ என்பதைச் ‘செய்தான்’ எனவும் ‘அமைத்தான்’ எனவும் பெயர்க்குந்தோறும், ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிற்கும் ‘வி’ என்னும் ஓரெழுத்தை நாமே அழிக்கிறோம். ஹெக்கடே கண்ணன் தூணில் செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியன்று. பிறவினையைப் பிறவினையாகவே எழுதுதல் இலக்கணத் தூய்மை மட்டுமன்று, பெயரறியா உழைப்புக்கு ஆய்வுலகம் செலுத்த வேண்டிய கடனுமாகும்.