போர்க்காலப் படங்களும் இன்றைய பெரம்பூரும்

பழைய நிழற்படம் ஒன்றையும் அதே இடத்தின் இன்றைய தோற்றத்தையும் அருகருகே வைத்து, 'அன்றும் இன்றும்' எனத் தலைப்பிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2004 முதல் ஆகஸ்டு 22ஐ ஒட்டி நிகழும் சென்னை நாள் விழாக்களில் பழைய நகரத்தின் படங்கள் பலரையும் ஈர்க்கின்றன. முயற்சி நல்லதே. ஆயினும், இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் குடும்பப் படங்களுக்கு இம்முறை பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வகையில் பெயர் பெற்றவர் ருஷ்யப் படக்கலைஞர் செர்கேய் லாரென்கோவ். 1941 முதல் 1944 வரை முற்றுகையில் தவித்த லெனின்கிராட் நகரின் படங்களை, இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருக்களின் மேல் பொருத்திக் காட்டினார் அவர். அங்கே போர் தெருவுக்கே வந்தது. ஆகவே தெருவே சாட்சி சொல்கிறது.

சென்னையின் வரலாறு வேறு. முதற் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. இரண்டாம் போரிலோ, 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று சில குண்டுகளை வீசிச் சென்றதோடு சரி. ஆனால் 1942 ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் தாக்கப்பட்ட செய்தி வந்ததும், தாக்கப்படாத சென்னை காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறினர். விலங்குக் காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள்கூடச் சுட்டுக் கொல்லப்பட்டன. போர் இங்கே விட்டுச் சென்றது இடிபாட்டை அன்று, வெறுமையை. வெறுமையை எந்தக் குடும்பம் படமெடுத்துச் சுவரில் மாட்டும்?

குடும்பப் படங்கள் பெரும்பாலும் ஸ்டூடியோவில், தீட்டிய திரைச்சீலையின் முன் எடுக்கப்பட்டவை. பின்னணியில் தூணும் பூந்தொட்டியும் தெரியுமே ஒழிய, பெரம்பூர் தெரியாது. இன்றைய படக்காரர் எங்கே போய் நிற்பார்? முரசொலி மாறன் மேம்பாலத்தின் கீழா? 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையின் வாயிலிலா? எங்கு நின்றாலும் அவருக்குக் கட்டடம் கிடைக்கும், குடும்பம் கிடைக்காது.

எனவே ஒப்பிட வேண்டியவை வேறு. முதலாவது உடை. பெரம்பூர் வட்டாரத்துப் பக்கிங்ஹாம் கர்னாட்டிக் ஆலை படைக்குக் காக்கித் துணி நெய்து கொடுத்த அதே காலத்தில், நாட்டில் துணிப் பஞ்சம் நிலவியது. 1943இல் துணிக் கட்டுப்பாட்டு ஆணையும் பிறந்தது. மூத்தவனின் சட்டை இளையவன் தோளில் தொளதொளவெனத் தொங்கக் கண்டால், அதை வறுமையின் அடையாளமாக மட்டும் கொள்ளலாகாது. போரின் கை அதில் இருக்கலாம். அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ள அந்த நிலத்தின் இன்றைய படம்தான், அச்சட்டைக்கு உண்மையான இணை.

இரண்டாவது, படத்தில் இல்லாதவர். நம் சமுதாயத்தில் வணிகத்தின் பொருட்டு ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சென்றவர் பலர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. தபால் நின்றது, பணமும் நின்றது. பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். காட்டு வழியே நடந்தவர்களில் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். படத்தின் நடுவில் நாற்காலியில் அமர வேண்டியவரைக் காணோமெனில், அந்த இடத்துக்கு இணையான தோற்றம் பெரம்பூரில் இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கிறது.

மூன்றாவது, பெண்கள். கோஷா வழக்கினாலும், உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே இருந்த கருத்து வேறுபாட்டினாலும், பல வீடுகளில் பெண்களின் படமே இல்லை. பங்கீட்டு அரிசியை அளந்து வீட்டைக் காத்தவர்கள் அவர்களே. படங்களை மட்டுமே நம்பி வரலாறு எழுதினால், போரைச் சுமந்தவர்களே அவ்வரலாற்றிலிருந்து விடுபட்டுப் போவர்.

இணைப்படங்கள் 'எவ்வளவு மாறிவிட்டது!' என்ற வியப்பை எளிதில் தருகின்றன. ஏன் மாறிற்று, யார் இழந்தார் என்ற வினாக்களை அவை எழுப்புவதில்லை. விடை சொல்லக்கூடியவர்களோ அருகிவிட்டார்கள். 1942இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். படத்தைப் புதுப்பித்து வண்ணமூட்டுவதற்கு முன், அப்பெரியவர்களின் அருகே அமர்ந்து, யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் வரவில்லை என்பவற்றைக் கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைப்பதே நம் குடும்பங்களின் முதற்கடன். மேம்பாலத்தை எந்த நாளிலும் படமெடுக்கலாம்.