யாருடைய கொல்லை?

ஒத்தக்கடை பஸ் நிறுத்தத்தில் கையில் திணிக்கப்பட்ட மனை விளம்பரத் துண்டறிக்கை ஒன்றைப் பிரதியாகக் கொண்டு வாசிக்கிறேன். 'பசுமை', 'இயற்கைச் சூழல்', 'சுவையான நிலத்தடி நீர்' என்பன திரும்பத் திரும்ப வருகின்றன. பெரியாறு பாசனத்தில் நெல் விளைந்த நஞ்சை அது. அந்தச் சொல் மட்டும் பிரதியில் இல்லை. விளைச்சலை அழித்த பிறகுதான் 'இயற்கை' விற்பனைக்குரிய காட்சியாகிறது எனலாம்.

சட்டத்தின் சொல்லாடலும் இதற்கு அந்நியமானதல்ல. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில், சாலை போக எஞ்சியதில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நடைமுறையில் அது பூங்கா. (நான் பார்த்தவற்றில் பாதி, சீமைக்கருவேலம் மண்டிய பூங்கா.) அங்கே குரோட்டன்ஸ் வைக்கலாம், கொத்தவரை வைத்தால்? நத்தம் வேறு, நஞ்சை வேறு என்று பிரித்தெழுதிய காலனியப் பதிவேடு இன்னும் நம் வீட்டு வரைபடத்துக்குள் குந்தியிருக்கிறது. 1915இல் மதுரை குறித்து அறிக்கை எழுதிய பாட்ரிக் கெடெஸ், 1918இல் இந்தூருக்கான திட்டத்தில் நகரக் கழிவைத் தோட்டங்களுக்குத் திருப்பச் சொன்னார். இங்கே பாத்திரம் கழுவிய தண்ணீர் தெருவில் தேங்கிக் கொசு வளர்க்கிறது.

இதைச் சொன்னதும் நண்பர்கள் 'அந்தக் காலத்துக் கொல்லை'க்குப் போய்விடுகிறார்கள்: முருங்கை, வாழை, கிணற்றடி. எனக்கு இதில் சம்மதமில்லை. யாருடைய கொல்லை? சேரியில் ரெண்டு சென்ட் குடிசைக்குப் பின்னால் அடுத்தவன் வரப்புதான் இருந்தது. "எங்களுக்கு ஏதுய்யா கொல்ல? களையெடுக்கப் போன எடத்துல பறிச்ச கீரதான்" என்றார் எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் அம்மா. அவர் களையெடுத்த வயல்தான் எங்கள் தெரு. வரப்புக் கீரையும் வயல் நண்டும் கூலிக்கு மேல் கிடைத்த சோறு. அதற்குப் பட்டா கிடையாது. ஆகவே கிரயப் பத்திரத்தில் இழப்பாகவும் பதிவாகவில்லை.

தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டப் பைகளை மானியத்தில் தந்தது. தப்பில்லை, நாங்களும் நாலு பை வைத்தோம், தக்காளியை அணில் தின்றது. ஆனால் சொந்த மொட்டைமாடி உள்ளவனுக்கே அது வாய்க்கும். நான் கேட்பது வேறு: அந்த 10 சதவீதத்தில் பாதியாவது சாகுபடி நிலமாக, அதே வயலில் கூலிக்கு உழைத்தவர்களின் பொறுப்பில் இருக்க வேண்டும், வீடுகளின் குளியல் நீர் அங்கே பாயும்படி வரைபடத்திலேயே வாய்க்கால் வர வேண்டும்.

மனைத் தரகர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். தண்ணீர், செலவு, விதி எதையும் அவர் ஆட்சேபிக்கவில்லை. "மம்பட்டியத் தூக்கிக்கிட்டு அந்த ஆளுக உள்ள வந்து போனா பிளாட்டு போகாது சார்" என்றார்.