திட்டும் தீவும்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம் உப்பங்கழிக்குள் கிடக்கும் நிலத்துண்டுகளை நம்ம சனங்க 'திட்டு' என்பார்கள். சுற்றுலா விளம்பரம் 'தீவு' என்கிறது. திட்டில் ஆள் இருப்பார்கள். தீவில் விருந்தாளி மட்டும்தான்.

1975இல் வெளியான 'இதயக்கனி' இங்கே படமாக்கப்பட்டது. அன்றிலிருந்து கேமரா காட்டுவது சுரபுன்னைக் காடு, வாய்க்கால், படகு. சிப்காட் ஆலைகளுக்குப் பக்கத்தில் செம்மங்குப்பத்தில் இருக்கும் நான் இந்தப் பச்சையின் அழகை மறுக்கவில்லை. இதில் யார் விடுபட்டார்கள் என்பதுதான் கேள்வி.

கிள்ளைப் பக்கத்து இருளர்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றையும் வேரையும் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ரெண்டு கையும் தண்ணிக்குள்ள. பனையோலைப் பறி பல்லுக்கிடையில. பேச வாயில்லை என்பது இங்கே உவமையல்ல. படகிலிருப்பவருக்கு உல்லாசமான அதே தண்ணிதான் இவங்களுக்குச் சோறு.

இவர்களுக்கு ஓய்வும் கொண்டாட்டமும் இல்லையா? மாசிப் பௌர்ணமிக்கு வடமாவட்ட இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, கன்னியம்மனைக் கும்பிட்டு, மணலிலேயே தங்கி, கல்யாணம் பேசுகிறார்கள். அங்கே யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை.

கதாநாயகன் பேரைச் சுமந்த எம்.ஜி.ஆர். திட்டு, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அழிந்தது. அங்கே மீனவர் ஊர் ஒன்று இருந்ததே வெளியில் பலருக்கும் அப்புறந்தான் தெரிந்தது. காலியான இடமாகவே காட்டிப் பழகிய அழகியலின் விளைவு இது.

ரசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரை நீக்கிவிட்டு ரசிக்கிறோம் என்று கேட்போம். பிச்சாவரத்தை அடுத்து எழுத வருகிறவர் படகைவிட்டு இறங்கி எழுதட்டும்.